நாற்பத்தொரு சுற்று

அன்று அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் நான் சொல்லாதது இது: புகை என்ற அந்தக் குதிரை என்னிடம் வருவதற்கு முன் நாற்பத்தொரு சுற்று ஓடியது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். முப்பதாவது சுற்றில் அதன் முன்னங்கால் மடங்கி, மூக்கு மண்ணில் உரசி, எழுந்து மறுபடி ஓடியது. வாயோரத்தில் நுரையோடு ரத்தமும் இருந்தது. பழைய புண் திறந்துகொண்டுவிட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுவரை ஓடியது வீணாகிவிடும் என்று நினைத்தேன். கடிதம் எழுத உட்கார்ந்தபோது இதையெல்லாம் மறந்துவிடவில்லை. எழுதினால் கடிதத்தின் அழகு கெட்டுவிடும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

கடிதங்களை வரிசைப்படி வைத்திருக்கிறேன். எதை எழுதினாலும் முதலில் நோட்டில் எழுதித் திருத்திவிட்டுத்தான் தாளில் எழுதுவேன் என்பதால் என்னுடையவையும் என்னிடம் இருக்கின்றன.

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

இடது கால் பெருவிரலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம். விரலைப் புகை மிதித்துவிட்டது. உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கத்திரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு வராமல் அது வேறு யாருக்கு வரும்? அத்தானையும் விசாரித்ததாகச் சொல்.

புகை என்பது ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை. போன மாதம் எங்கள் லாயத்துக்கு வந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் அதன் வாயில் முறுக்குக் கம்பிக் கடிவாளம் மாட்டி இழுத்திருக்கிறார்கள். நாக்கில் ஓரிடம் வெட்டுப்பட்டு ஆறியிருக்கிறது. யாராவது கையை உயர்த்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முதலாளியம்மா, "இதைச் சரிபண்ணு, இல்லேன்னா அனுப்பிடலாம்" என்றார். எங்கே அனுப்புவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே சாட்டை கிடையாது. குறுக்கே இருபது தப்படி அளவில் வட்டமாக வேலி போட்ட ஓரிடம் இருக்கிறது. வட்டம் என்றே சொல்வோம். குதிரையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நிற்க வேண்டும். தோள்களை அகட்டி, அதன் கண்ணை நேராகப் பார்த்து, சுருட்டிய கயிற்றை அதன் பின்புறமாக வீச வேண்டும். கயிறு மேலே படாது. போ என்று சொல்வதற்குத்தான் அது. குதிரை ஓடும். ஓடட்டும். கொஞ்ச நேரத்தில் உள்பக்கத்துக் காது நம் பக்கம் திரும்பும். பிறகு வெறும் வாயை மெல்லும், உதட்டை நக்கும். கடைசியில் தலையைத் தாழ்த்தி, மூக்கால் மண்ணைத் தொடுவதுபோல் ஓடும். அதுதான் அடையாளம். அந்தக் கணமே நாம் கண்ணைத் தாழ்த்தி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

நேற்று முதுகைத் திருப்பி நின்றேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு பின்னால் குளம்புச் சத்தம், ஒவ்வொன்றாக. சுடச்சுட மூச்சு என் தோளில் பட்டது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது. கயிறு இல்லை, கடிவாளம் இல்லை. இடப்பக்கம் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. அழுதுவிட்டேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். பலவந்தம் இல்லாமல் ஓர் உயிர் இன்னோர் உயிரோடு சேர்ந்து நடக்கச் சம்மதிக்கிறதே, மரியாதை என்ற சொல்லுக்கு இதற்குமேல் என்ன அர்த்தம் வேண்டும்?

கையை நீவிக்கொள். மருந்து ஏதாவது போடுகிறாயா என்று எழுது.

உன் தங்கை

ஜூன் 21

அன்புள்ள புழுவே,

விரலுக்கு என்ன வைத்தாய்? ஒன்றும் வைத்திருக்க மாட்டாய். விரித்த புத்தகத்தை அதன்மேல் கவிழ்த்து வைத்திருப்பாய், புத்தகப்புழு. இங்கே இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம். என் முழங்கைக்கு மட்டும் தனி வானிலை. மழை வருவதற்கு முதல் நாளே எனக்குச் சொல்லிவிடுகிறது.

போனில் 'ம்' என்ற ஒரே எழுத்தை வைத்துக் காலத்தை ஓட்டுகிறவள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய்! பார்லரில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். ஓர் அம்மா, "எங்க வீட்டுக்காரரை அந்த வட்டத்துல நாலு நாள் விட முடியுமான்னு உன் தங்கச்சிய கேளேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் காதோர முடி ஒரு விரல் அளவு கூடுதலாகப் போய்விட்டது. அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

எனக்கு முன்னால் உன் அத்தான்தான் படித்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இல்லையா, எழுத்தைக் கண்டால் விடமாட்டார். கல்யாணமான ஏழு மாதத்தில் அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, தெரியுமா? நான் தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொள்கிறது. அவர் நுழைந்தால் பல்லிகூடத் திரும்பிப் பார்க்காது. சாப்பிடும்போது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி ரொம்ப புத்திசாலி. அடிக்காம, திட்டாம... இதான் நாகரிகம்" என்றார். உன்னிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். முதுகைத் திருப்பியும் குதிரை வராவிட்டால் என்ன செய்வாய்? ஒருமுறை வந்தது மறுபடி முரண்டு பிடித்தால்?

விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இது உத்தரவு.

உன் அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுத்தேன். நகம் கறுத்து விழுந்துவிட்டது, வலி இல்லை. உனக்கு அங்கே மழை தொடங்கிவிட்டதா? முழங்கை என்ன சொல்கிறது?

அத்தான் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இங்கே யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. குதிரை வராவிட்டால் மறுபடி விரட்ட வேண்டும். கோபம் கூடாது. 'என்னோடு இருக்க விருப்பமில்லையா, சரி, போ. ஆனால் போய்க்கொண்டே இரு' என்பதுபோல. நின்று இளைப்பாற ஒரே இடம் நம் பக்கம்தான் என்று அதற்குப் புரிய வேண்டும். மந்தையிலிருந்து தள்ளி நிறுத்தப்படுவதுதான் குதிரைக்கு இருப்பதிலேயே பெரிய பயம்.

மறுபடி முரண்டு பிடித்தால், எவ்வளவு நேரமானாலும் நாம் முதலில் அதனிடம் போகக் கூடாது. பாவம் என்று ஒருமுறை போய்விட்டோமானால் அடுத்தமுறை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் தலை தாழ்ந்த உடனே எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். கழுத்தைத் தடவிக்கொடுக்க வேண்டும். விரட்டும்போது குதிரை எதையும் கற்றுக்கொள்வதில்லை. விடும்போதுதான் கற்றுக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு வெளியே ஆட்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். புகை என் தோளுக்குப் பின்னால் வரும்போது கைதட்டுகிறார்கள். இதை மதிக்காத ஒரே ஆள் எங்கள் லாடக்காரிதான். குதிரையின் பின்னங்காலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாயில் நாலு ஆணியை வைத்துக்கொண்டே பேசுவாள்.

"என்னம்மா, பக்தை இன்னைக்கும் பின்னாடியே வந்துட்டாளா?"

"அது என்னை நம்புது. உங்களுக்குத்தான் பொறாமை."

"நம்புதா? கதவைச் சாத்திட்டு கேட்டா நானும்தான் உன்னை நம்புவேன். திறந்து வெச்சுட்டு ஒரு தடவை கேட்டுப் பாரு."

சொல்லிவிட்டு ஆணியைத் துப்பி அடிக்கத் தொடங்கிவிட்டாள். எதிலும் குறை காண்பவர் ஒருவர் எல்லா வேலையிடத்திலும் இருப்பார்போல.

குளிருக்கு முழங்கையை மூடிக்கொள்.

உன் தங்கை

ஜூலை 24

அன்புள்ள புழுவே,

நகம் முளைக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் நடந்த கூத்தைக் கேள்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பையன்களிடம், உங்கள் முதலாளி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிறவர் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் புன்னகை செய்தார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, உன் பாடம் என்று. பின்னால் போய் நின்று கனைத்துக் காட்டினேன். நன்றாகவே கனைப்பேன். திரும்பவில்லை.

மறுநாள் வேறு மாதிரி. நான் எந்த அறையில் உட்கார்ந்தாலும் வருவார், மின்விசிறியை நிறுத்துவார், விளக்கை அணைப்பார், போய்விடுவார். கோபம் இல்லை, ஒரு சொல் இல்லை. அடுத்த அறைக்குப் போவேன். அங்கேயும் வருவார். சாப்பிடத் தட்டு வைத்தேன். தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். இப்படி நாலு நாள். பார்லரில் நின்றுகொண்டே தூங்கப் பார்த்தேன், புழு.

ஐந்தாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு சாரி சொன்னேன். என்ன தப்பு செய்தேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. சொல்லி முடிக்கவில்லை, எழுந்து வந்து கழுத்தில் கைவைத்துத் தடவினார். அவர் கண்ணில் தண்ணீர். "பாத்தியா, எவ்ளோ சுலபம்" என்றார். அன்றைக்கு இருந்த அன்பு கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

எழுதும்போது சிரிப்பாக வருகிறது. உனக்கும் வருகிறதா? பதில் எழுது. உடனே எழுது.

உன் அக்கா

ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்கா,

உடனே எழுதச் சொன்னாய், இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஞாயிறு கூட்டம் அதிகமாகி இப்போது சனிக்கிழமையும் வட்டத்தில் நிற்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, தொண்டைதான் தூசியில் கட்டிக்கொள்கிறது. நீ நன்றாகத் தூங்குகிறாயா?

நீ கனைத்ததைப் படித்துவிட்டு லாயத்தில் தனியாக நின்று சிரித்தேன். மனிதருக்கு நாலு கால் கிடையாது என்று அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். இருந்தாலும் அவருக்கு இதில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறது, இல்லையா? ஒரு தப்பு மட்டும் செய்திருக்கிறார். நாலு நாள் மிக அதிகம். நீ தட்டு வைத்தாயே, அதுவே ஓர் அடையாளம். அப்போதே விட்டிருக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் பெரிய அடையாளத்துக்காகக் காத்திருப்பார்கள். தேர்ந்த கை மிகச் சின்ன அடையாளத்துக்கே விட்டுவிடும். அப்புறம் குதிரையும் சின்னச் சைகைக்கே கேட்கும். புகைக்கு இப்போது கயிறே வேண்டாம். நான் தோளை நிமிர்த்தினால் போதும்.

நாகரிகமான வீட்டுச் சண்டை என்று உங்களுடையதைத்தான் சொல்ல வேண்டும்.

வெந்நீர் குடி.

உன் தங்கை

செப்டம்பர் 10

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். உன் தொண்டை சரியாகியிருக்கும். தூசியில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்.

நீ எழுதியதை அவர் கவனமாகப் படித்தார். இப்போது சின்ன அடையாளங்களையும் பார்த்துவிடுகிறார். நாலு நாள் எல்லாம் ஆவதில்லை. அரை மணி நேரம் போதும். சில நாட்களில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தாலே போதும்.

பார்லருக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. போய்விட்டு வரும் நாட்களில் அவருக்கு மனம் சரியாக இல்லை, போகாத நாட்களில் சரியாக இருந்தது. நாலைந்து முறை பார்த்தபிறகு எனக்கே தெரிந்துவிட்டது. முழங்கைக்கும் இதுதான் நல்லது. சிநேகிதிகளும் இப்போது அவ்வளவாக வருவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. முன்பு நான் ரொம்பத்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

அவர் நல்லவர். நான் சரியாக இருந்தால் அந்த நிமிடமே நல்லவராகிவிடுகிறார்.

இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
உன் அக்கா

செப்டம்பர் 16

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை. மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் அத்தான்தான் எடுத்தார். "குளிக்கிறா" என்றார். காலை ஒன்பது மணிக்கும் குளிக்கிறாய், மதியம் இரண்டு மணிக்கும் குளிக்கிறாய். உன் கடிதத்தில் 'புழு' இல்லை. யார் எழுதிய கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

இதை அத்தான் முதலில் படிப்பார். படிக்கட்டும். முதல் கடிதத்தில் நான் ஒன்றை மறைத்தேன். புகை அன்று நாற்பத்தொரு சுற்று ஓடியது. நடுவில் விழுந்தது. வாயில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் தலை தாழ்ந்தது. சம்மதம் என்று நான் எழுதியது களைப்பு. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வட்டத்துக்குப் போனேன். லாடக்காரியும் இருந்தாள். கதவை முழுக்கத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனேன். புகை என் பின்னால் நடந்தது, வழக்கம்போல. கதவுக்கு நேரே வந்தபோது என் தோளிலிருந்த மூச்சு விலகியது. அது ஓடவில்லை. நடந்தே வெளியே போனது. மேய்ச்சல் நிலத்தின் கடைசி மூலைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

 லாடக்காரி வழக்கம்போலக் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. "இப்பதான் அது உன்கிட்ட முதல் தடவையா பேசியிருக்கு. காது கொடுத்துக் கேளு" என்றாள்.

அக்கா, இப்போது தினமும் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வட்டத்துக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன். புகை வருவதில்லை. உடம்பு தேய்த்துவிடும்போது நகர்ந்தால் கையை எடுத்துவிடுகிறேன். குளம்பைத் தூக்கித் தர மறுத்தால், சரி, நாளைக்குக் கேட்கிறேன் என்கிறேன். வேலை ஒன்றும் நடக்கவில்லை என்று முதலாளியம்மா திட்டுகிறார். இது எத்தனை மாதமாகும், வருமா, வராதா, எனக்குத் தெரியாது. இது ஒன்றுதான் மரியாதை என்று மட்டும் தெரிகிறது. முன்பு எழுதியதெல்லாம் தவறு. அத்தான், அதையெல்லாம் கிழித்துப் போடுங்கள்.

அடுத்த மாதம் வருகிறேன். துணிகளை எடுத்து வை.

உன் புழு

செப்டம்பர் 30

அன்புள்ள மைத்துனிக்கு,

தங்கள் கால்விரலும் தொண்டையும் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் அக்கா நலம். அவளுக்குக் கைவேலை இருப்பதால் நான் எழுதுகிறேன்.

தங்கள் கடிதங்களை நாங்கள் கிழிக்கவில்லை. இந்த வீட்டுக்கு அவை செய்திருக்கும் நன்மையைத் தாங்கள் அறியமாட்டீர்கள். சத்தமும் கண்ணீருமாக இருக்கும் எத்தனையோ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

கதவைப் பற்றித் தாங்கள் எழுதியது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எங்கள் வாசற்கதவுக்குப் பகலில் தாழ் போடும் வழக்கமே இல்லை. தங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம், ஆனால் தாங்கள் அந்தக் குதிரையிடம் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவைச் சற்றுச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள்.

அவசியம் வாருங்கள். தாங்களே கதவைத் திறந்து வைக்கலாம்.

அன்புடன்,
தங்கள் அத்தான்

அக்டோபர் 16

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உனக்குக் கழுத்தெலும்பு தெரிகிறது. சாப்பிடு.

பன்னிரண்டாம் தேதி நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ எப்படி நடந்தாய் என்பதை நீ பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

நான் வாசற்கதவையும் தெருக்கதவையும் திறந்து வைத்தேன். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன் தங்கச்சி உன்னை கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. போறதுன்னா போம்மா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ செருப்பைப் போட்டுக்கொண்டாய். நான் கட்டிய பையை எடுத்துக்கொண்டாய். வாசலுக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் ஒன்பது தப்படி. நான் தெருவில் நின்றிருந்தேன். ஏழாவது தப்படியில் பையைக் கை மாற்றினாய். எட்டாவதில் நின்றுவிட்டாய். "வாக்கா, ஆட்டோ நிக்குது" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் தலை இலேசாகப் பின்பக்கம் சாய்ந்தது, ஏதோ கேட்பதுபோல். அங்கே ஒரு சத்தமும் இல்லை. பிறகு உன் உதடுகள் அசைந்தன. என்னோடு பேசப்போகிறாய் என்று நினைத்தேன். நீ வெறும் வாயை மென்றுகொண்டிருந்தாய்.

தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாய். அவர் தோளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றாய். அவர் நகர்ந்தபோது நீயும் நகர்ந்தாய். உன் கழுத்தில் கையை வைத்துவிட்டு, அவர் என்னைப் பார்த்து, "டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை, அக்கா. எனக்குத் தெரியும். அதே கண்ணீரை நானும் அழுதிருக்கிறேன்.

நீ டீ போட்டுத் தந்தாய். நான் குடித்தேன். அவரைத் திட்டவில்லை, உன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் உனக்கு இன்னொரு கயிறாகிவிடுவேனோ என்று பயந்தேன். இப்போது நினைத்தால், இழுத்திருக்க வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் வா. எழுதாமலே வா.

உன் புழு

டிசம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் மிகவும் நலம். எனக்கு இது நான்காவது மாதம். மருத்துவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். உன் அத்தானுக்கு மிகுந்த சந்தோஷம்.

உன் போன கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். நீ வருத்தப்பட வேண்டாம். அன்று நான் வராததற்குக் காரணம் எதுவும் இல்லை. வெளியே போனால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை அவர் கேட்கச் சொல்லவில்லை, நானேதான் கேட்கிறேன். குதிரைக் குட்டிகளை எந்த வயதில் பழக்கத் தொடங்குவீர்கள்? முதலிலிருந்தே பழக்கிவிட்டால் குழந்தை என்னைப்போல் கஷ்டப்பட வேண்டியிருக்காது என்று தோன்றுகிறது. உனக்குத் தெரிந்ததை விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா

டிசம்பர் 11

அக்கா,

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். என் உடம்பைப் பற்றிக் கேட்காதே.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன். குட்டி பிறந்த நாளிலிருந்து அதற்கு எல்லாம் தெரியும். எழுந்து நிற்கத் தெரியும், ஓடத் தெரியும், பயந்தால் கத்தத் தெரியும். உன் குழந்தை கத்தினால் கத்தட்டும். பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொள்ளட்டும்.

புகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் கடைசியில் ஒருநாள் திறந்த கதவு வரை அதுவாக வந்தது. தலையை மட்டும் உள்ளே நீட்டி, நான் உட்கார்ந்திருந்த வாளியை மோந்து பார்த்தது. முகத்தில் ஒருமுறை மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. பத்து வாரத்தில் அவ்வளவுதான். இதுவரை எனக்குக் கிடைத்ததில் அதுதான் பெரிது. முதலாளியம்மாவுக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வாளியைப் பார்க்க வருவதில்லை என்றார். வட்டத்துக்கு வேறொரு பெண்ணை வைத்துவிட்டார். என்னைச் சாணி அள்ளும் வேலைக்கு மாற்றிவிட்டார். அவள் கதவைச் சாத்தினாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை புகை அவள் தோளுக்குப் பின்னால் நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் உன் விஷயத்தில் எனக்கு எஜமானர் யாரும் இல்லை, நிறுத்து என்று சொல்லவும் யாரும் இல்லை. இங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறது. இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். குழந்தையோடு வா. இந்தமுறை டீ குடித்துவிட்டுப் போக மாட்டேன், வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். எந்தத் தேதி என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

உன் புழு

இந்தக் கடிதம் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தது. உறை பிரிக்கப்படவில்லை. அவர்கள் முகவரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே என் முகவரி எழுதியிருந்தது. அத்தானின் எழுத்து வலப்பக்கம் சாயும். இது சாயவில்லை, அக்காவின் எழுத்து.

மே மாதம் கண்ணாடிக்கடையின் பெயர் அச்சிட்ட அட்டை ஒன்று வந்தது. பெண் குழந்தை பிறந்திருந்தது.